க்யூஆர் அட்டையைக் கழற்ற வேண்டாம், கணக்கு எழுதுங்கள்

கேள்வி: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அப்பா பல வருடமாகக் காண்டிமெண்ட்ஸ் கடை நடத்துகிறார். பால், ரொட்டி, முட்டை, சிகரெட், பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ், சோப்பு இவைதான் வியாபாரம். டீ போடுவதில்லை. 2025 ஜூலையில் யுபிஐ வரவைக் காட்டிக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பயம். எங்களுக்கு வரவில்லை, பக்கத்துக் கடைக்கு வந்தது. க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு கேஷ் மட்டும் வாங்கலாம் என்கிறார். யுபிஐ-க்கே வரி போடுகிறார்களா? அட்டையை எடுத்தால் பிரச்சினை தீருமா? என்ன செய்யலாம் அண்ணா?

பதில்:

தம்பி, அட்டையை எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். யுபிஐ-யில் பணம் வாங்குவதற்கென்று தனி வரி எதுவும் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் ஜிஎஸ்டி என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அப்படி ஒரு யோசனையே இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2025-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜிஎஸ்டி என்பது விற்பனை மீதான வரி. அந்த விற்பனைக்கான பணம் கல்லாவில் நோட்டாக விழுந்தாலும் சரி, போனில் வந்து சவுண்ட் பாக்ஸ் சத்தம் போட்டாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன வித்தியாசம் என்றால், நோட்டு எவ்வளவு வந்தது என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியும். யுபிஐ எவ்வளவு வந்தது என்பது வங்கிக்கும் தெரியும், கேட்டால் அரசாங்கத்துக்கும் தெரியும்.

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த ஜூலையில் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகளில் "யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்" என்று பேப்பர் ஒட்டியிருந்ததைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. பயந்தவர்களில் பாதிப் பேருக்குப் பயப்படக் காரணமே இல்லை. ஒரு பூக்கார அம்மாவுக்கு எத்தனை லட்சம் யுபிஐ-யில் வந்தாலும் ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அதை அவர்களிடம் சொல்ல யாரும் முன்கூட்டியே வரவில்லை.

முதலில் வரம்பைப் புரிந்துகொள்ளுங்கள். பொருள் மட்டும் விற்கிற கடை, ஒரு நிதியாண்டில் மொத்த விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். சேவை என்றால் 20 லட்சம். சிகரெட் போன்ற புகையிலைப் பொருள், பான் மசாலா, ஐஸ்கிரீம் விற்கிற கடைக்கும் 40 கிடையாது, 20 லட்சம்தான். டீக்கடையும் மெஸ்ஸும் சேவைக் கணக்கில்தான் வரும், அதனால் அவர்களுக்கு 20 லட்சம். உங்கள் அப்பா டீ போடாவிட்டாலும் சிகரெட் விற்பதால் அவருக்கும் 20 லட்சம்தான். 40 லட்சம் என்பது கேட்க பெரிதாகத் தெரியும், 365-ஆல் வகுத்தால் நாளுக்கு சுமார் 11,000 ரூபாய். பெங்களூரில் பஸ் ஸ்டாப் பக்கம் இருக்கிற ஒரு காண்டிமெண்ட்ஸ் கடைக்கு அது பெரிய விற்பனை இல்லை. டீக்கடையின் 20 லட்சமோ நாளுக்கு 5,500 கூட இல்லை. டீ 15 ரூபாய் என்றால் 365 டீ. மான்யதா டெக் பார்க் கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டிருப்பவர் அதைப் பகல் பன்னிரண்டுக்குள் விற்றுவிடுவார். சேவைக்கான இந்த 20 லட்சம் 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது வைத்தது. பொருளுக்கு 2019 ஏப்ரலில் 40 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு பால் விலை, சிலிண்டர் விலை, கடை வாடகை எல்லாம் ஏறிவிட்டன, வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. இதை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலைவாசி ஏறுவதாலேயே ஒரு சின்னக் கடை சட்டத்தின் கண்ணில் பெரிய கடையாகிவிடுவது நியாயம் இல்லை.

இனி பலரும் குழம்புகிற இடம். பால், ரொட்டி, முட்டை, காய்கறி, பூ இவற்றுக்கு வரி இல்லை. இவற்றை மட்டுமே விற்பவர் கோடிக்கணக்கில் விற்றாலும் பதிவு தேவையில்லை. கே.ஆர். மார்க்கெட்டில் காய்கறி மட்டும் விற்பவர் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அதே கடையில் வரி உள்ள பொருளும் இருந்தால் கதை மாறுகிறது. வரம்பு தாண்டுகிறதா என்று பார்க்கும்போது வரியில்லாத பாலையும் முட்டையையும் சேர்த்தே கூட்டுவார்கள். வரி போடும்போது அவற்றைக் கழித்துவிட வேண்டும். அதாவது, உள்ளே வர வேண்டுமா என்பதற்கு மொத்த விற்பனை கணக்கு, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கு வரி உள்ள பொருளின் விற்பனை மட்டும் கணக்கு. உங்கள் கடை மாதிரிக் கலப்புக் கடைக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் யுபிஐ வரவைப் பார்க்கிற அதிகாரிக்கு எது பால் காசு, எது சிகரெட் காசு என்று தெரியாது. அதை நாம்தான் காட்ட வேண்டும்.

2025 ஜூலையில் என்ன நடந்தது என்றால், கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ நிறுவனங்களிடமிருந்து 2021-22 முதல் 2024-25 வரையிலான தகவலை வாங்கி, வரம்பைத் தாண்டியும் பதிவு எடுக்காதவர்கள் என்று தோன்றிய ஆயிரக்கணக்கான வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு நான்கு வருட வரவு 1.63 கோடி, அதற்கு 29 லட்சம் வரி என்று நோட்டீஸ் போனது நாடு முழுக்கச் செய்தியானது. 1.63 கோடிக்கு 18 விழுக்காடு போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த 29 லட்சம்தான் வரும். விற்றதோ வரியே இல்லாத காய்கறி. நான்கு வருடத்தை வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 41 லட்சம், வரம்பைக் கொஞ்சம்தான் தொடுகிறது. இதைப் பார்த்த சின்ன வியாபாரி எப்படித் தூங்குவார்?

கடைக்காரர்கள் கறுப்பு பேட்ஜ் குத்தினார்கள், பால், டீ விற்பனையை நிறுத்தினார்கள், ஜூலை 25-ஆம் தேதி பந்த் என்று அறிவித்தார்கள். 23-ஆம் தேதி முதல்வர் சித்தராமையா வியாபாரிகளோடு பேசினார். வரியில்லாத பொருளை விற்றவர்களிடமும், கடனும் சொந்தப் பணமும் வரவில் கலந்துவிட்டவர்களிடமும் பழைய பாக்கி கேட்க மாட்டோம், ஆனால் இனி வரம்பைத் தாண்டுபவர்கள் பதிவு எடுக்க வேண்டும் என்ற உறுதிமொழியோடு பந்த் கைவிடப்பட்டது. நடுவில் மாநிலம் மத்தியைக் கை காட்டியது, மத்தி மாநிலத்தைக் கை காட்டியது. உண்மை என்னவென்றால், நோட்டீஸ் அனுப்பியது மாநிலத் துறை, வரம்பை வைத்தது இருவரும் உட்கார்ந்திருக்கிற ஜிஎஸ்டி கவுன்சில். பொறுப்பு இரண்டு பேருக்கும் உண்டு.

என் கோபம் வரி கேட்டதில் இல்லை. சட்டப்படி வர வேண்டிய வரியை அரசு கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். காசு மறைக்காமல் ஒழுங்காகக் கட்டுகிற கடைக்கு எதிரே, கட்டாத கடை இரண்டு ரூபாய் குறைத்து விற்றால் அதுவும் அநியாயம்தான். கோபம் எதில் என்றால், நான்கு வருடத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு நான்காவது வருட முடிவில் மொத்தமாக அனுப்பியதில். முதல் வருடமே, "உங்கள் வரவு 35 லட்சத்தை நெருங்குகிறது, இப்போதே பதிவு எடுத்தால் விற்பனையில் ஒரு விழுக்காடு கட்டினால் போதும்" என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கலாம். அந்த ஒரு விழுக்காடு முறை பின் தேதியிட்டுக் கிடைக்காது. பதிவு எடுக்காமல் போன வருடங்களுக்கு முழு வரி, வாங்கிய சரக்கில் கட்டின வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி கஷ்டம், மேலே வட்டி, அபராதம். ஒரு எஸ்எம்எஸ் போகாததால் 40,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது பல லட்சமாகிறது.

இதே அரசுகள்தான் யுபிஐ-யை வாங்கு வாங்கு என்று கடைக்காரரிடம் சொன்னார்கள். 2020 ஜனவரி முதல் யுபிஐ-க்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று விதி வந்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிக்கு முதல் கடன் 10,000 ரூபாய், டிஜிட்டலில் வாங்கினால் கேஷ்பேக் என்றார்கள். நல்ல திட்டம், நானும் பலருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அந்த நம்பிக்கையில் அட்டையை மாட்டியவர்களிடம், அட்டையைச் சாட்சியாக வைத்துப் பேசும்போது கொஞ்சம் பக்குவமாகப் பேசியிருக்க வேண்டும். அப்புறம் துறை "ஜிஎஸ்டி திளியிரி" (ஜிஎஸ்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்) என்று விளக்கக் கூட்டங்கள் நடத்தியது. அதை நோட்டீசுக்கு முன்னால் நடத்தியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது.

சரி, அட்டையை எடுத்தால் என்ன ஆகும்? போன வருட வரவு ஏற்கனவே பதிவாகிவிட்டது, அதை அழிக்க முடியாது. 30 லட்சம் யுபிஐ வந்துகொண்டிருந்த கடைக்கு திடீரென்று ஒன்றுமே வரவில்லை என்றால் அதுவே கேள்வியைக் கொண்டுவரும். கேஷாக வாங்கினாலும் வரி உண்டு என்று துறையும் அப்போதே சொல்லிவிட்டது. கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர் பில் போட்டுத்தான் சரக்கு இறக்குகிறார், சிகரெட்டுக்கு அது இன்னும் கறார். விற்பனையை மறைத்தாலும் கொள்முதல் எங்கேயோ பதிவாகித்தான் இருக்கும். இதற்கு நடுவில் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நாடு முழுக்க 2,000 கோடி யுபிஐ பரிவர்த்தனை நடந்திருக்கிறது. காலையில் அரை லிட்டர் நந்தினி பால் வாங்க வருகிற பையன் கையில் சில்லறை இருக்காது, போன் மட்டும்தான் இருக்கும். சில்லறைக்குப் பதில் சாக்லெட் கொடுத்த காலத்துக்கு அவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

இப்போது கடைக்கு வருவோம். ஒரு உதாரணத்துக்கு, ஆண்டு விற்பனை 55 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பால், ரொட்டி, முட்டை 20 லட்சம், சிகரெட் 20 லட்சம், பிஸ்கட், சோப்பு, கூல்டிரிங்க்ஸ் 15 லட்சம். மொத்தம் 20-ஐத் தாண்டுவதால் பதிவு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 55 லட்சத்துக்கும் 18 விழுக்காடு போட்டால் 9.9 லட்சம் வரும், அந்தத் தொகைதான் அப்பாவைப் பயமுறுத்துகிறது. பதிவு எடுத்து காம்போசிஷன் முறையில் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சின்ன விழுக்காட்டை மட்டும் கட்டுகிற முறை) போனால், வரி உள்ள 35 லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 35,000 ரூபாய். மாதத்துக்கு 3,000-க்குக் கொஞ்சம் குறைவு. 1.5 கோடி விற்பனை வரை இந்த முறையில் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் கட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்). வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, நம் கையிலிருந்து கட்ட வேண்டும். டீக்கடை, ஓட்டலுக்கு இதே முறையில் 5 விழுக்காடு.

ஆனால் எல்லாரும் காம்போசிஷன் என்று சொன்னவுடன் அதற்குள் குதிக்க வேண்டாம். பிஸ்கட்டுக்கும் குளியல் சோப்புக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18-இலிருந்து 5 விழுக்காடாக இறங்கிவிட்டது. 90 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்கிற பிஸ்கட்டில், சாதாரண முறையில் (வாங்கும்போது கட்டின வரியைக் கழித்துக்கொள்கிற முறை) அந்தப் பத்து ரூபாய் லாபத்துக்குள் இருக்கிற வரி மட்டும்தான் நாம் கட்டுவது. அது 48 பைசா. காம்போசிஷனில் 100-க்கு ஒரு விழுக்காடு, ஒரு ரூபாய். அதே கணக்கில் 40 விழுக்காடு வரி உள்ள கூல்டிரிங்க்ஸுக்கு சாதாரண முறையில் 2 ரூபாய் 86 பைசா, காம்போசிஷனில் அதே ஒரு ரூபாய். ஆக, கடையில் எது அதிகம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். சாதாரண முறையில் வாங்குகிற எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி எண்ணோடு பில் இருக்க வேண்டும், ரிட்டர்னும் அதிகம். அப்பா ஒரே ஆளாகக் கடை பார்க்கிறார் என்றால் கொஞ்சம் அதிகம் போனாலும் காம்போசிஷன்தான் நிம்மதி என்பேன். சிகரெட்டில் மட்டும் வலிக்கும். நூறு ரூபாய் விற்று ஐந்து ரூபாய் நிற்கிற சரக்கில் ஒரு ரூபாய் போவது ஐந்தில் ஒரு பங்கு. இந்த வலி உண்மையானது, வியாபாரிகள் சும்மா புலம்பவில்லை.

இதெல்லாவற்றையும் விட உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடை அட்டையில் கடைக் காசு மட்டும் வர வேண்டும். நம் ஆட்களிடம் நான் பார்க்கிற பெரிய சிக்கல் இதுதான். சீட்டுப் பணம் அந்த அட்டையில் வரும், கிருஷ்ணகிரியிலிருந்து மச்சான் கைமாற்றைத் திருப்பி அனுப்புவதும் அதில் வரும், மாடி வீட்டு வாடகையும் அதில் வரும். தெரிந்தவர் யாராவது, "அண்ணா, உங்களுக்கு 5,000 அனுப்புகிறேன், கேஷ் கொடுங்கள்" என்று வாங்கிப் போவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனையும் விற்பனை. கடைப் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்து, அட்டையை அதோடு இணைத்துவிடுங்கள். சொந்த விஷயம் எல்லாம் அப்பாவின் சேவிங்ஸ் கணக்கில். இத்தனை வருடம் கலந்துபோனதற்கு, ஸ்டேட்மெண்ட் எடுத்து ஒவ்வொரு பெரிய வரவுக்கும் எதிரே பென்சிலால் யார், எதற்கு என்று எழுதுங்கள். நீங்கள் உட்கார்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

சிலர் இன்னொரு யோசனை சொல்வார்கள். ஒரு அட்டை அப்பா பெயரில், ஒன்று அம்மா பெயரில், ஒன்று தம்பி பெயரில் வைத்தால் யாரும் வரம்பைத் தாண்ட மாட்டார்கள் என்று. கடை ஒன்று, கல்லா ஒன்று, சரக்கு ஒன்று என்றால் அது ஒரே வியாபாரம்தான். கண்டுபிடித்தால், தெரியாமல் விட்டது என்பது போய், தெரிந்தே ஏமாற்றியது என்று ஆகிவிடும். அதற்குச் சட்டத்தில் அபராதமும் அதிகம். அம்மாவை இதற்குள் இழுக்காதீர்கள்.

பக்கத்துக் கடைக்காரருக்கு என் பெயரில் ஒன்று சொல்லுங்கள். நோட்டீஸ் கன்னடத்தில் வந்திருக்கும், அவருக்குப் பேசத் தெரியும், படிக்க வராது. அதனால் மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள், பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கடைசித் தேதி போனால், கேட்ட தொகையே உறுதியாகிவிடும் ஆபத்து உண்டு. விளக்கம் கேட்டு வருகிற நோட்டீஸ் வேறு, வரி கட்டு என்கிற உத்தரவு வேறு. முதலாவது வந்திருந்தால் பதில் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. கன்னடம் படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது வாசித்துக் காட்டட்டும். அதில் இருக்கிற எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு உண்மையான நோட்டீஸ்தானா என்று பாருங்கள், போலியும் சுற்றுகிறது. பிறகு பால் ஏஜென்சி ரசீது, சரக்கு பில், வங்கி ஸ்டேட்மெண்ட் எடுத்துக்கொண்டு எழுத்தில் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நோட்டீசிலேயே எந்த அலுவலகம் என்று இருக்கும். நேரில் போய்ப் பேசினால் பெரும்பாலான அதிகாரிகள் கேட்கிறார்கள்.

பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. ஐயாயிரம், பத்தாயிரம் கொடு, நான் முடித்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற கணக்கருக்கு நியாயமான கூலி கொடுக்கலாம், அது வேறு. பான், ஆதார், போட்டோ, கடை வாடகை ஒப்பந்தம், பெஸ்காம் மின்சார பில் தேவைப்படும். சிக்கல் வருவது வாடகை ஒப்பந்தத்தில்தான். வாடகையைக் கணக்கில் காட்டாத சில ஓனர்கள் ஒப்பந்தம் தர மறுப்பார்கள். அப்பாவுக்கும் ஓனருக்கும் நல்ல பழக்கம் இருந்தால் இப்போதே மெதுவாகப் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யுபிஐ வரவை வைத்து அந்த ஆப்களே கடைக்காரருக்குக் கடன் தருகிறோம் என்று தினமும் மெசேஜ் அனுப்பும். கமிஷன் வாங்க முடியாததால் சவுண்ட் பாக்ஸ் வாடகையும் இந்தக் கடனும்தான் அவர்களுக்கு வருமானம். தினசரி வரவிலேயே தவணையைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் வட்டி எவ்வளவு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. மொத்தம் எவ்வளவு வாங்குகிறோம், மொத்தம் எவ்வளவு போகிறது என்று இரண்டு தொகையை மட்டும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். கணக்கு ஒழுங்காக இருந்து ஜிஎஸ்டி பதிவும் இருந்தால் அரசு வங்கியிலேயே இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கேட்க முடியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஏப்ரல் முதல் இன்றுவரை யுபிஐ வரவு எவ்வளவு, கேஷ் விற்பனை தோராயமாக எவ்வளவு என்று கூட்டுங்கள். சொந்தப் பணத்தைக் கழியுங்கள். மார்ச் முடிய 20 லட்சத்துக்குள் நிற்கும் என்று தெரிந்தால் பதிவு தேவையில்லை, தினமும் விற்பனையையும் கொள்முதலையும் எழுதுகிற ஒரு நோட்டுப் போதும். தாண்டிவிட்டது என்றால், தாண்டின நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். முந்தின வருடங்களிலேயே தாண்டியிருந்தால் மட்டும் நீங்களாக எதையும் நிரப்பாதீர்கள். ஸ்டேட்மெண்டை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல கணக்கரிடம் உட்கார்ந்து, எந்தத் தேதியில் பொறுப்பு தொடங்குகிறது என்று பார்த்த பிறகு விண்ணப்பத்தைத் தொடுங்கள். அந்தத் தேதியைத் தப்பாகப் போட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.